திங்கட்கிழமை யார் போவது

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. சிதம்பரத்தில் இருந்தால் கடலூர் பஸ்ஸை நினைப்பேன்; கடலூரில் இறங்கியதும் சிதம்பரம் பஸ் எங்கே நிற்கிறது என்று கண் தேடும். புதுச்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினால் அந்தப் பத்து நிமிடம் எனக்கு மட்டும் பஸ் நகர்ந்துகொண்டே இருக்கும். கவிதை எழுதுகிறவள் என்று சிநேகிதிகள் சொல்வார்கள். எழுதியதைவிட எழுந்து நடந்ததுதான் ஜாஸ்தி.

வாரத்தில் ஐந்து நாள் சிதம்பரத்தில் ஒரு டுட்டோரியலில், பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்ட பிள்ளைகளுக்குப் பாடம். சனி ஞாயிறு கடலூர். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் இருந்த ஒற்றை அறைதான் எங்கள் மனித உரிமைக் குழுவின் அலுவலகம். சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் கூடாரம் போட்ட நிவாரணக்காரர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப்போன கம்ப்யூட்டர் ஒன்று அங்கே இருந்தது. விசைப்பலகையில் மணல். ஒவ்வொரு எழுத்தையும் தட்டும்போது நறநறக்கும். தமிழில் வரும் புகார்களை அதில் இங்கிலீஷாக்கி அனுப்புவது என் வேலை.

இரண்டாயிரத்து ஐந்தின் கடைசியில் அனுப்பிய ஒரு புகாரைத்தான் சொல்ல வந்தேன்.

புகார் கொடுத்தவர் பண்ருட்டியில் பலாப்பழ மண்டியில் லோடு ஏற்றுகிறவர். சொந்த ஊர் அண்ணாகிராமத்துக்குப் பக்கம். முந்திரிக்கொட்டை மூட்டை காணாமல் போன விஷயத்தில் விசாரிக்க வேண்டும் என்று அவரையும் கூட வேலை பார்த்த சிநேகிதரையும் ஒரு ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிநேகிதர் வீடு திரும்பவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். அந்த அறைக்குள் நடந்ததைப் பார்த்துவிட்டு உயிரோடு வெளியே வந்தவர் இவர் ஒருவர்தான். இவர்மேல் திருட்டு வழக்கு போட்டார்கள். ஜாமீன் கிடைத்தது, நிபந்தனையோடு: கடலூரிலேயே தங்க வேண்டும், தினமும் காலை பத்து மணிக்கு நகரத்தில் இன்னொரு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

காவலில் ஒருவர் செத்தால் கோட்டாட்சியர் விசாரிப்பார். அந்த விசாரணை தள்ளிக்கொண்டே போனது. அது நடக்கிற நாள்வரை இவர் சொல் மாறாமல் இருக்க வேண்டும். சொல் மாறாமல் இருக்க, முதலில் ஆள் இருக்க வேண்டும். எங்களுக்கு இருந்த கவலை இவ்வளவுதான். ஆனால் தூங்கவிடாது அது.

மனைவியின் அண்ணன் வீடு கடலூர் பழைய டவுனில் இருந்தது. புருஷனும் மனைவியும் அங்கே ஒண்டிக்கொண்டார்கள். குழுவின் தலைவராக இருந்த வக்கீல் ஒரு ஏற்பாடு செய்தார். கையெழுத்துப் போட அவர் ஒருநாளும் தனியாகப் போகக் கூடாது. குழுவிலிருந்து யாராவது கூடப் போக வேண்டும். எந்தக் காகிதத்தை நீட்டினாலும், கூடப் போனவர் அதை முதலில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அதன் பிறகுதான் அவர் பேனாவைத் திறக்கலாம். எட்டாவது வரை படித்தவர், அவராலேயே படிக்க முடியும். ஆனாலும் அதுதான் முறை. ஒருநாள் லால்பேட்டையிலிருந்து வந்து கடலூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய், குழுவின் செயலாளர், போவார். மறுநாள் பொருளாளர்; ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். இப்படி மாறி மாறி, மார்கழிப் பனியிலும் போனார்கள்.

புகார் ஜெனீவாவுக்குப் போனது. உலக நாடுகள் சேர்ந்து வைத்திருந்த மனித உரிமை ஆணையம் அங்கேதான். சித்திரவதைப் புகார்களைக் கேட்க அந்த ஆணையம் தனியாக ஒருவரை நியமித்திருந்தது. சிறப்பு அறிக்கையாளர் என்று நான் தமிழாக்கியிருந்தேன். வக்கீல் அவரை "நம்ம ஜெனீவாக்காரர்" என்பார். ஜெனீவாக்காரர் டெல்லியைக் கேட்டார். டெல்லி சென்னையைக் கேட்டது. சென்னை கடலூரைக் கேட்டது. கேள்வி படிப்படியாக இறங்கி வந்து ஒருநாள் இவர் கையெழுத்துப் போடும் ஸ்டேஷன் மேசையில் விழுந்தது. அதுவரை நிற்கவைத்தவர்கள் மறுநாள் பெஞ்சைக் காட்டினார்கள்.

அன்றைக்கு ஒரு கான்ஸ்டபிள் இவரைக் கேட்டாராம்: "யாருய்யா அது ஜெனீவா? ஒனக்கு சொந்தமா?"

"சம்சாரம் வழியில சார்."

கூடப் போயிருந்த பாய் இதை அலுவலகத்தில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மழைக்கு ஒரு குடை கிடைத்த சிரிப்பு. பிடித்திருக்கிற கை எங்கேயோ பனி விழுகிற ஊரில் இருந்தது. நாங்கள் பார்க்காத கை.

பங்குனியில் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி வந்தது. அந்த ஆணையத்தைக் கலைக்கிறார்கள். ஆளாளுக்கு அரசியல் செய்து அதன் பேர் கெட்டுவிட்டது, அதற்குப் பதிலாகப் புதுப் பேரவை ஒன்று வரப்போகிறது, சீர்திருத்தம். அதை நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்று படித்தேன். சீர்திருத்தம் நல்ல சொல்தான். ஆனால் பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டுகிற மாதங்களில் அந்தக் குடும்பம் எங்கே சமைக்கும் என்று அந்தச் செய்தியில் இல்லை. ஆணையம் போனால் அது நியமித்த ஜெனீவாக்காரர் இருப்பாரா, போவாரா? அனுப்பிய புகார் யார் மேசையில் இருக்கும்? படித்த காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி படித்தேன். பஸ் போய்விட்டது.

பத்திரிகையை நான் மட்டுமா படிப்பேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு, அவரை ரைட்டர் என்பார்கள், அவரும் படித்திருந்தார். மறுநாள் கையெழுத்துப் போடப் போனவரிடம் பேப்பரை விரித்துக் காட்டினாராம்.

"இன்னாய்யா, ஒங்க ஜெனீவா கடைய மூடிட்டாங்களாமே."

"புதுசா ஒண்ணு தொறக்கறாங்களாம் சார்."

"தொறக்கட்டும். தொறக்குற வரைக்கும்?"

அதட்டிச் சொல்லவில்லையாம். சிரித்துக்கொண்டே கேட்டாராம். அன்று பெஞ்சில் யாரோ பைல்களை அடுக்கி வைத்திருந்தார்கள். இவர் நின்றார். கூடப் போயிருந்த தலைமை ஆசிரியரும் நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. கீழே தெருவில் தேர்தல் வண்டி ஒன்று ஒலிபெருக்கியோடு போய்வந்துகொண்டிருந்தது. ஜெனீவாவுக்கு ஒரு வேண்டுகோள் அனுப்புவது என்று முடிவாயிற்று. வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்து, நீதிமன்றத்தில் நிற்பதைப் போல நின்று சொல்லச் சொல்ல, நான் தட்டினேன். ஆணையத்தை மாற்றுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை; ஆனால் மாற்றுகிற நேரத்தில் ஒருநாள்கூட, ஒரு மனிதனுக்குக்கூட, பாதுகாப்பில் இடைவெளி விழக்கூடாது; புதிய பேரவை தன் ஏற்பாட்டைச் செய்து முடிக்கும்வரை அறிக்கையாளர்கள் எல்லோரும் அவரவர் பொறுப்பிலேயே தொடர வேண்டும். நல்ல வாசகங்கள். எனக்கே கண் கலங்கியது. பாய் மேசையைத் தட்டினார்.

அது முடிந்ததும் இரண்டாவது விஷயத்துக்கு வந்தோம். எங்கள் குழுவின் சீர்திருத்தம்.

ரொம்ப நாளாகவே முணுமுணுப்பு. எல்லாப் பதவியிலும் பெரியவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். மீனவர் ஊர்களில் சுனாமி வேலையில் ஓடியாடியவர்களுக்கு இடமில்லை. தலித் குடியிருப்புகளிலிருந்து படித்து வந்தவர்களுக்கு இடமில்லை. கேட்டதில் நியாயம் இருந்தது. பெரியவர்களும் அதை ஒத்துக்கொண்டார்கள். வக்கீல் முதலில் ராஜினாமாவைச் சொன்னார். பாயும் தலைமை ஆசிரியரும் பின்னாலேயே. ரப்பர் ஸ்டாம்ப், அலுவலகச் சாவி எல்லாம் மேசையில் வந்து உட்கார்ந்தன. புது நிர்வாகம் வெள்ளிக்கிழமை கூடித் தேர்வாகும் என்றார்கள். யாருக்கும் மனக்கசப்பு இல்லை. ஜிகர்தண்டா வாங்கிவரச் சொன்னார் பாய். இவ்வளவு மரியாதையாக ஒரு குழு கலைந்து நான் பார்த்ததில்லை.

எனக்குத்தான் உட்கார முடியவில்லை. "திங்கக்கெழம யாரு போறா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பாத்துப்பாங்கம்மா," என்றார் வக்கீல். யார் என்று அவர் சொல்லவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். இன்னொரு தரம் கேட்டேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எனக்கு ஞாபகப்படுத்தினார்கள்.

திங்கட்கிழமை காலை வகுப்பில் செயப்பாட்டு வினை நடத்திக்கொண்டிருந்தேன். அவரது மனைவி ஒரு ரூபாய் போனிலிருந்து கூப்பிட்டார்.

"மேடம், யாரும் வரல. நேரமாச்சின்னு இவரு தனியாத்தான் உள்ள போனாரு. ரொம்ப நேரம் ஆவுது, இன்னும் வெளிய வரல."

சுண்ணாம்புக்கட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். மேலவீதி ஆட்டோக்காரர் பேரம் பேச நின்றார், அவரையும் தாண்டி ஓடினேன். பஸ்ஸில் ஏறியதும் பாயைக் கூப்பிட்டேன். குரலில் சங்கடம்.

"நான் இப்ப எந்த மொறையில போயி நிக்கிறது மேடம்? பதவிய வுட்டுட்டு மறுநாளே அங்க போயி நின்னா, நாற்காலிய வுடமாட்டேங்குறான்னு பேசமாட்டாங்களா? புதுசா வர்றவங்க போயிருப்பாங்கன்னுல்ல இருந்தேன்."

தலைமை ஆசிரியரும் அதையே வேறு வார்த்தையில் சொன்னார். புதிய செயலாளர் என்று எல்லோரும் பேசிவைத்திருந்த பெண், தேவனாம்பட்டினத்துக்காரர், அவரைக் கூப்பிட்டேன். அவருக்கும் மரியாதைதான் தடுத்திருக்கிறது. "வெள்ளிக்கிழமதான மேடம் மீட்டிங்கு? அதுக்கு முன்னாடியே போயி நின்னா, அவசரத்தப் பாருன்னு பெரியவங்க வருத்தப்படுவாங்களேன்னு இருந்துட்டேன்." வக்கீலின் போன் அணைந்திருந்தது, நீதிமன்றத்தில் இருந்திருப்பார்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் என்னை இன்னும் அலைக்கழித்தது. ஒருவர் இறங்கிவிட்டார், ஒருவர் இன்னும் ஏறவில்லை, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்கிறார்கள். அந்த நடுவழியில் ஒரு மனிதன் தனியாக ஒரு மேசைக்கு முன்னால். நேற்று மாலை நாங்கள் ஜெனீவாவுக்குச் சொன்ன புத்தி, மணல் அரைத்த அந்தக் கம்ப்யூட்டரில் இன்னும் அனுப்பப்படாமல் இருந்தது.

ஆலப்பாக்கம் கேட் போட்டிருந்தது. ரயில் வருகிற வழியாகத் தெரியவில்லை. பஸ்ஸில் யாரோ கொய்யா தின்றார்கள். உப்புக்காற்று அடித்தது. இறங்கி நடந்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று, முட்டாள்தனமாக, எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இறங்கியும் விட்டேன். தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டேன். கண்டக்டர் பார்த்தார்.

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் மனைவி நின்றிருந்தார். கையில் சாப்பாட்டுக் கூடை. என்னைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேர்த்து நனைந்த புடவை, விரலெல்லாம் சுண்ணாம்பு.

"நீங்கதான் அந்த ஜெனீவா மேடமா?"

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அவர் எங்க?" என்று மட்டும் கேட்டேன். வழிவிட்டார்.

உள்ளே ரைட்டரின் மேசைக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். பேனா கையில் இருந்தது. மூடி கழற்றவில்லை. தினமும் கையெழுத்துப் போடும் பதிவேட்டின் மேல் இன்னொரு தாள் கிடந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலி காலியாக இருந்தது; அந்த நாற்காலியில் ஆள் இல்லாததும் எனக்கு நல்லதாகப் படவில்லை.

ரைட்டர் என்னிடம் முறையிடுகிற மாதிரி பேசினார். "கூட வர்றவரு வந்து படிச்சாத்தான் போடுவானாம். வந்ததுலேருந்து இதையேதான் சொல்றான். இன்னிக்கு யாரும் வரமாட்டாங்கய்யா, ஒங்க கமிட்டியவே கலைச்சிட்டாங்கன்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறான்."

எங்கள் கூட்டம் முடிந்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். உதடு காய்ந்திருந்தது. "வந்துட்டாங்க சார்," என்றார். பிறகு என்னிடம், "படிங்க மேடம்."

தாளை எடுத்தேன். டுட்டோரியலில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் படித்தேன். என்னுடைய சிநேகிதருக்கு அன்று காலையிலிருந்தே நெஞ்சில் வலி இருந்தது, அதை அவர் என்னிடம் சொன்னார், ஸ்டேஷனில் அவரை யாரும் தொடவில்லை, இதை நான் சுயநினைவோடு எழுதிக்கொடுக்கிறேன். மனு கொடுக்க வந்து வெளியே காத்திருந்த ஜனங்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். எல்லா வார்த்தையும் அவர்களுக்குக் கேட்டது.

"இது நான் சொன்னது இல்ல சார்," என்றார் அவர்.

தாளை மேசையில் வைத்தேன். அவர் அதை ஒரு விரலால் ஓரமாக நகர்த்தினார். கீழே இருந்த பதிவேட்டில் அன்றைய கையெழுத்தைப் போட்டார். பேனாவை மூடினார். ரைட்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "போங்க," என்றார்.

வெளியே வந்ததும் மனைவி என் கையைப் பிடித்தார். "ஜெனீவாவுலேருந்து ஒரு மேடம் வர்றாங்க, பஸ்ல வந்துகிட்டு இருக்காங்கன்னு வாசல்ல நின்ன போலீசுகிட்ட சொல்லிட்டேன். அதான் ஒங்களப் பாத்ததும் திரும்பிக்கிட்டேன். கோவிச்சிக்காதீங்க. வேற இன்னா சொல்றது?" ஜெனீவாவிலிருந்து பஸ்ஸில். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. வேப்பமரத்தடியில் சிரிக்க ஆரம்பித்து, கையெழுத்துப் போட்டு வந்தவர் திடீரென்று குந்தி உட்கார்ந்துவிட்டார். கூடையில் இருந்த தண்ணீரைக் கொடுத்தோம்.

சாயங்காலம் மனைவி எங்கள் அலுவலகத்து மாடிப்படி ஏறி வந்தார். விஷயம் பரவி, பழையவர்கள் புதியவர்கள் எல்லோருமே வந்திருந்தார்கள். பதவி இல்லாததால் யாரும் நாற்காலியில் உட்காரவில்லை. ஸ்டாம்பும் சாவியும் மேசையில் வைத்தபடியே இருந்தன. மனைவி அவற்றைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

"ஒங்க பதவிய மரியாதையா எறக்கி வெச்சீங்க. சரி. எங்க வூட்டுக்காரர எங்க எறக்கி வெச்சீங்க?"

தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை நான் போகவில்லை, வகுப்பு இருந்தது. பாய் போனில் சொன்னார். அவர் பதவி இல்லாமலே போயிருந்தார். போனால் அங்கே தலைமை ஆசிரியர். அவருக்கு முன்னால் தேவனாம்பட்டினத்துப் பெண். வக்கீல், கோர்ட்டுக்குப் போகிற வழியில், கவுனைக் கையில் சுருட்டிக்கொண்டு. இன்னா ஊர்வலமா என்று ரைட்டர் கேட்டாராம். ஆமாம், ஆனா கொடி இல்ல என்றாராம் பாய். அன்றைக்குப் பிறகு, புதியவர் வந்து ஸ்டேஷன் வாசலில் கண்ணெதிரே நிற்கும்வரை பழையவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்று ஆயிற்று. வெள்ளிக்கிழமை குழுவின் தேர்தல் நடந்தது. சனிக்கிழமை பாயும் புதுச் செயலாளரும் சேர்ந்தே போனார்கள். அதற்கு அடுத்த வாரமும் சேர்ந்தே போனார்கள். தேவையே இல்லை, இருந்தும் போனார்கள்.

ஜெனீவாவுக்குப் போக வேண்டிய வேண்டுகோளை நான் திருத்தித் தட்டினேன். வக்கீல் சொன்ன அழகான வாசகங்களில் பாதியை அவரே அடிக்கச் சொன்னார். ஒரு திங்கட்கிழமை எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று எழுது, அது போதும் என்றார். நாங்களே செய்ததையா என்று யாரோ தயங்கினார்கள். நாமே செய்ததைத்தான் என்றார் வக்கீல். அப்படியே போயிற்று. எங்களைப் போல எத்தனையோ ஊர்களிலிருந்து போயிருக்கும். எங்களுடையதை யாராவது படித்தார்களா என்பது இன்றுவரை தெரியாது.

ஆனி மாதத்தில் செய்தி வந்தது. புதுப் பேரவை முதல் தடவையாகக் கூடி, பழைய அறிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஓராண்டு நீட்டிப்புக் கொடுத்துவிட்டது. ஜெனீவாக்காரர் அவர் மேசையிலேயே இருப்பார். கையெழுத்துப் போடுகிறவருக்கு அதை வாசித்துக் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒரு வருசத்துக்கு அப்புறம் மேடம்?" அன்று இரவு சிதம்பரத்தில் மாடியில் நடந்துகொண்டே இருந்தேன். தெற்குக் கோபுரத்து விளக்கு அணைந்தது. அவர் கேட்ட கேள்வி மட்டும் அணையவில்லை.

அந்த மழைக்காலத்துக்கு முன்பே கோட்டாட்சியர் விசாரணை நடந்தது. எங்கள் சாட்சி உள்ளே போய், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு வந்தார். வெளியே வந்து பீடி பற்றவைத்தார். மச்சான், அந்தப் பழைய டவுன் வீட்டுக்காரர், முதுகில் தட்டினார். கொலை வழக்காகப் பதிவானது. பிறகு அந்த வழக்கு எங்கள் ஊர் வழக்குகள் நடக்கிறபடி நடந்தது. நீதிபதிகள் மாறினார்கள். வக்கீலுக்குக் கண்புரை வந்தது. கையெழுத்துப் போடும் நிபந்தனை தளர்ந்து, அவர் மண்டிக்கே திரும்பினார். நான் டுட்டோரியலை விட்டேன், வேறொன்றில் சேர்ந்தேன், அதையும் விட்டேன்.

தானே புயல் அடித்த மறு ஆண்டு. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மண்டியில் ஏற்ற லோடு இல்லை. அவர் போன் செய்தார். தோப்பு போனதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"மேடம், அரசு வக்கீல மாத்திட்டாங்களாம். பழையவரு கேஸ் கட்டக் குடுத்துட்டுப் போயிட்டாரு. புதுசா போட்டவரு இன்னும் வந்து சேரல. திங்கக்கெழம வாய்தா."

பின்னால் யாரோ மரம் அறுக்கிற சத்தம்.

"நடுவுல யாரு மேடம் போறா?"

செருப்பை மாட்டிக்கொண்டே பாய்க்கு போன் போட்டேன். அவர் ஏற்கெனவே கிளம்பியிருந்தார்.